நான்காம் படியோடு நின்ற பாடம்

செர்பியாவின் நீஷ் நகரில் நானும் துன்யாவும் ஒரே அறையில் எதிரெதிர் மேஜைகளில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறோம். வடக்கே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு நான் செய்முறைப் பாடங்களும் எழுதித் தருவேன். ஒரு பாடத்துக்கு நூற்றறுபது யூரோ. துன்யாவிடம்கூடத் தொகையைச் சொல்லாமல், இரண்டு வருடமாக வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன். துன்யாவுக்கு இது முதல் பாடம்: பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறுவது எப்படி. நிறுவனத்தின் இணையதளத்தில் நானூறு என்று போட்டிருந்ததை நம்பி, ஒவ்வொரு படியையும் தானே ஓட்டிப் பார்த்து, மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருந்தாள். அந்தப் பணத்தில்தான் குளிருக்கு விறகு வாங்க வேண்டும்.

எழுதி முடித்த அன்று லென்னார்ட் கணினித் திரையில் வந்தான். பாடங்களுக்குப் பொறுப்பு அவன்தான். எப்போதும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான்.

"நானூறு எங்க ஊர்க்காரங்களுக்குங்க. செர்பியாவுக்கு நூத்தறுபது. அங்க செலவு கம்மிதானே?"

"செலவு கம்மிதான் சார். ஆனா படிக்கிறவன் உங்க ஊர்லயும்தான் இருக்கான். எனக்குக் காசைக் குறைச்சா, அவனுக்கு மட்டும் பாடம் முழுசா வேலை செய்யணுமா?" என்றாள் துன்யா.

"கம்பெனி விதிங்க. நான் என்ன பண்றது?"

அவன் போனதும், "கிடைச்சதை வாங்கிக்கடி. எனக்கும் ரெண்டு வருஷமா இதேதான். முறைச்சா அதுவும் போயிடும்" என்றேன்.

"நெவெனா, நீ பேசாம பூரெக்கைத் தின்னு."

பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அந்த அடை ஆறிப்போயிருந்தது; தின்றேன்.

துன்யா பத்துப் படிகளில் நான்கை மட்டும் அனுப்பினாள். 'நூற்றறுபதுக்கு இவ்வளவுதான் வரும். மீதிப் பணம் வந்ததும் மீதிப் பாடம் வரும். அதுவரை வெளியிட வேண்டாம்' என்று தெளிவாகக் கடிதமும் வைத்தாள்.

அவர்களோ கடிதத்தையும் படிக்கவில்லை, பாடத்தையும் படிக்கவில்லை. அப்படியே வெளியிட்டுவிட்டார்கள். நான்காம் படி, 'இப்போது பழைய சர்வரை நிறுத்துங்கள்.' அதோடு பாடம் முடிந்தது. மறுநாள் காலை பக்கத்தின் அடியில், கருத்துப் பகுதியில் ஒரே கூச்சல். "நிறுத்திட்டேன், அப்புறம்?" என்று ஒருவர். "முதலாளி பின்னாடி நிக்கிறார், சீக்கிரம் சொல்லுங்க" என்று இன்னொருவர். நாங்கள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். "பாவம், இவங்க என்ன பண்ணாங்க" என்று துன்யாவே, பழைய சர்வரை மறுபடி ஓடவிடும் வரியை அங்கே இலவசமாக எழுதிப் போட்டாள்.

லென்னார்ட் திரையில் வந்தான். சிரிப்பைக் காணோம்.

"எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேர் நாலாவது படியில நிக்கிறாங்கம்மா. நானூறே தர்றோம், மீதியை அனுப்புங்க!"

'சரின்னு சொல்லித் தொலை' என்று மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன்.

"எனக்கு மட்டும்னா வேண்டாம்" என்றாள். "ஊர் பார்த்துக் காசு போடற விதியையே தூக்குங்க. எதிர் மேஜையில ஒருத்தி ரெண்டு வருஷமா நூத்தறுபதுக்கு எழுதறா."

"அதுக்கு மேலிடத்துல கேக்கணுமே..."

"கேளுங்க. நாங்க காப்பி குடிச்சிட்டு வர்றோம்."

காப்பி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. விதியை எடுத்துவிட்டார்களாம். துன்யா மீதி ஆறு படிகளையும் அனுப்பினாள்.

அடுத்த பாடத்துக்கு என் கணக்கில் நானூறு விழுந்தது. துன்யாவைக் கட்டிக்கொண்டு கூத்தாடினேன். அப்புறம்தான் எனக்குக் கோபம் பொங்கியது.

"அடப்பாவிகளா! ஒரு காப்பி குடிக்கிற நேரத்துல குடுக்க முடிஞ்ச காசையா ரெண்டு வருஷமா எனக்குக் குடுக்காம வச்சிருந்தாங்க?"