அழையாமல் வந்த குட்டியானை

கடலூர் முதுநகரில் அன்பரசுவின் பந்தல் கடையைத் தெரியாதவர்கள் இரண்டே வகை. இன்னும் பிறக்காதவர்கள், ஊருக்குப் புதிதாய் வந்த தெருநாய்கள். காதுகுத்து, கல்யாணம், சாவு எதுவானாலும் ஷாமியானாவும் நாற்காலியும் அவனுடையதுதான். போன வருஷம் ஐஸ் பொட்டி ஒன்றும் வாங்கிப் போட்டான். பிணத்தைக் குளிரில் கிடத்தும் அந்தக் கண்ணாடிப் பெட்டி வந்ததிலிருந்து, வெளிநாட்டு மகன்கள் சாவகாசமாக ஷாப்பிங் முடித்துவிட்டே விமானம் ஏறினார்கள்.

இப்போது அவனுக்குச் சிதம்பரத்தில் கிளை திறக்க வேண்டும். சும்மா ஆசை இல்லை, உயிர் ஆசை. அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மங்கலம் என்கிற அம்மாளின் கடை ஒன்று காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை வந்து சாவி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். 'சிதம்பரம் கிளை' என்று போர்டுகூட எழுதியாகிவிட்டது. அந்த பெயின்ட் காய்வதற்குள் மச்சான் ராஜவேல் வந்து சேர்ந்தான்.

ராஜவேல், அன்பரசு மனைவியின் தம்பி. தொழில் வளர்ச்சி பற்றிச் செல்போனிலேயே படித்து, செல்போனிலேயே பட்டமும் வாங்கியவன். அதன் பிறகு பெட்டிக்கடையில் கடலைமிட்டாய் வாங்கினால்கூட, அந்தக் கடையின் எதிர்காலத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் நகரமாட்டான்.

“மாமா, வளர்றதெல்லாம் அப்புறம். மொதல்ல நாம எங்க நிக்கிறோம்னு பாக்கணும்.”

“கடை வாசல்லதான்டா நிக்கிறேன்.”

“அதில்ல மாமா. உன் பலம் இன்னா, பலவீனம் இன்னா? நாற்காலி எவ்ளோ வச்சிருக்க?”

“எக்கச்சக்கமா இருக்குடா.”

“எங்க?”

குடோனைத் திறந்தார்கள். நாற்காலியைவிடப் பல்லி ஜாஸ்தி. தப்பு அன்பரசு மேல் இல்லை, தொழில் தர்மத்தின் மேல். கல்யாண வீட்டுக்குப் போன நாற்காலியை மறுநாளே அள்ளிவந்துவிடலாம். சாவு வீட்டுக்குப் போனதை அப்படிக் கேட்க முடியுமா? அங்கிருந்து கிளம்பும்போது “போயிட்டு வரேன்” என்றே சொல்லக் கூடாது. பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை பந்தல்காரன் அந்த வாசலில் தலை காட்டக் கூடாது. முடிந்த பிறகு இவனுக்குக் கேட்கக் கூச்சம், அவர்களுக்குக் கொடுக்க மறதி. இப்படியே நாற்காலிகள் அந்தந்த வீட்டு மனுஷர்களாகிவிட்டன. ரேஷன் கார்டில் பெயர் ஏறாததுதான் பாக்கி.

“வீடு வீடா போயி பாத்துடுவோம் மாமா. இதுக்குப் பேரு கள ஆய்வு.”

சாமான் ஏற்றும் குட்டியானை வண்டியை எடுத்தார்கள். முந்தின நாள் ஒரு வீட்டிலிருந்து வந்த ஐஸ் பொட்டி வண்டியிலேயே இருந்தது. அதை இறக்க நாலு ஆள் வேண்டும். “கெடக்கட்டும், ஓரமாத்தான இருக்கு” என்றான் அன்பரசு. கெட்ட நேரம் சில சமயம் இப்படி ஓரமாக உட்கார்ந்துகொண்டுதான் கூட வரும்.

முதல் வீடு அஞ்சம்மாளுடையது. அவள் மாமியார் செத்தபோது வந்த நாற்காலிகள் வாசலிலேயே கிடந்தன, ஒன்றில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அவள் புருஷன் பழனிவேல் இடுப்பு வலி என்று கட்டிலில் விழுந்தவர், இரண்டு வருஷமாக எழுந்திருக்கவே இல்லை. வாசலில் பந்தல் வண்டியும் அதன்மேல் கண்ணாடிப் பெட்டியும் வந்து நின்றதைப் பார்த்து அஞ்சம்மாள் முறத்தைக் கீழே போட்டாள்.

“அடப் பாவிங்களா, எவன்டா உங்கள வரச் சொன்னது?”

“யாரும் சொல்லலக்கா, நாங்களாதான் வந்தோம்” என்றான் ராஜவேல், படித்த பணிவோடு. “யாவாரத்தப் பெருசு பண்ணப் போறோம். தேவை ஜாஸ்தியாவும் போலருக்கு. அதான் முன்கூட்டியே ஒரு ரவுண்டு பாத்துடலாம்னு.”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பழனிவேல் எழுந்தார். நின்றார். நடந்தார். தெருமுனைவரை குட்டியானையைத் துரத்திக்கொண்டே ஓடினார். அவர் வீசிய கைத்தடி துறைமுகத்தைத் தாண்டிக் கடலில் விழுந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பார்க்காதவர்கள் அது இலங்கைக் கரை ஒதுங்கியதாகச் சொல்கிறார்கள்.

சாயங்காலத்துக்குள் சேதி ஊரைச் சுற்றிவிட்டது. அன்பரசு ஆள் கணக்கு எடுக்கிறானாம்! சீக்காளிகள் எல்லாம் போர்வையை உதறிவிட்டு வாசலில் குனிந்து நிமிர்ந்தார்கள். டாக்டர்கள் ஈ ஓட்டினார்கள். வண்டி தங்கள் வீட்டுக்கு வந்துவிடக் கூடாதே என்று, வருஷக்கணக்காய்ப் பதுங்கியிருந்த நாற்காலிகளை ஜனங்களே கொண்டுவந்து கடை வாசலில் எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள்.

“ஆய்வு சக்சஸ் மாமா! சொத்து பூரா வந்துடுச்சி பாரு.”

“தொழில் போயிடுச்சேடா, கட்டையில போறவனே!”

நிஜமாகவே போய்விட்டது. அந்த வாரம் பக்கத்துத் தெருவில் நடந்த சாவுக்குக்கூடக் குறிஞ்சிப்பாடியிலிருந்து பந்தல் வந்தது. காதுகுத்துக்கும் இவனைக் கூப்பிட ஆள் இல்லை. இனிமேல் பிழைக்க வேண்டுமென்றால் சிதம்பரம் ஒன்றுதான் கதி.

வெள்ளிக்கிழமை மச்சானையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினான். மங்கலம் கையில் சாவியோடு தன் வீட்டு வாசலிலேயே நின்றாள்.

“வா தம்பி. முதுநகர் அஞ்சம்மா என் கூடப்பொறந்த அக்காதான். போன்ல எல்லாம் சொல்லுச்சி.”

அன்பரசு வந்த வழியே திரும்பப் பார்த்தான். கடை போச்சு என்று நினைத்தான். அவளோ குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க வூட்டுக்காரரும் பொங்கல்லேர்ந்து படுத்துகினே கெடக்காரு. ஒடம்புல ஒண்ணும் இல்லன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. காபியும் கட்டிலுக்கு, டிவி ரிமோட்டும் கட்டிலுக்கு. நீ சும்மா ஒருதபா எட்டிப் பாரு. அவரு மட்டும் எழுந்துட்டாரு, சாவி ஒனக்குத்தான்.”

பிழைப்பு என்று வந்துவிட்ட பிறகு கூச்சம் பார்த்தால் முடியுமா? இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அவள் புருஷன் பொன்னுரங்கம் கட்டிலில் கால்மேல் கால் போட்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்பரசு வாயைத் திறப்பதற்குள் ராஜவேல் பையிலிருந்து டேப்பை எடுத்துக் கட்டிலை அளக்க ஆரம்பித்துவிட்டான்.

“யார்ரா நீங்க? இன்னாத்துக்குடா அளக்கறீங்க?”

“கடலூர் பந்தல் கடைங்க, பெரிப்பா” என்றான் அன்பரசு, இருப்பதிலேயே மெல்லிய குரலில்.

பொன்னுரங்கம் எழுந்த வேகத்தில் மின்விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியது. டேப்பைப் பிடுங்கி வெளியே எறிந்தார். வாசலுக்கு நடந்து, மங்கலத்தின் கையிலிருந்த சாவியைப் பறித்து அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

“என்ன அளந்தவனுக்கு என் கடையா? நாளைலேர்ந்து அந்தக் கடைல நானே ஒக்காந்து யாவாரம் பண்றேன், போங்கடா!”

சொன்னதோடு நிற்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கடையைப் பெருக்கவே கிளம்பிவிட்டார். மங்கலம் அவர் போகிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு அன்பரசுவின் பக்கம் திரும்பினாள்.

“தப்பா நெனைக்காத தம்பி, கடை இல்லன்னு ஆயிடுச்சி. ஆனா அந்தாளு மறுபடியும் படுத்துட்டாருன்னா போன் பண்றேன், வந்துட்டுப் போ. பஸ் காசு நான் குடுத்துடறேன்.”

கடலூர் பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்த ராஜவேல், கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தான்.

“மாமா, இதுல ஒரு நல்ல பிசினஸ் இருக்கு. மொதல்ல எத்தினி ஊர்ல சீக்காளிங்க ஜாஸ்தின்னு ஒரு ஆய்வு...”

பஸ் நகர ஆரம்பித்திருந்தது. அன்பரசு அப்படியே இறங்கி, அடுத்த பஸ்சுக்காக நின்றுகொண்டான்.