கரண்ட் வந்தால் அடிக்கும் போன்

ஊரெல்லாம் கரண்ட் போனால் திட்டும். நான் கரண்ட் வந்தால் திட்டுவேன்.

பொதட்டூர்பேட்டையில் கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரர் பிரேம்குமாரின் போன் அடிக்கும். எடுத்தால் அந்தப் பக்கம் பிரபாவதி. "பாவா, கம்ப்யூட்டர் மறுபடியும் நின்னுபோச்சு பாவா." அவ்வளவுதான். திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கடையில் யாருடைய கம்ப்யூட்டர் பிரித்துக் கிடந்தாலும் அப்படியே போட்டுவிட்டு, முகம் கழுவி, தலை சீவி, வண்டியை எடுத்துவிடுவார். எங்கள் வீட்டு மிக்ஸி பொங்கலில் இருந்து ஓடவில்லை. கேட்டால் "பாக்கலாம் இரு" என்பார். நான் அம்மிக்கல்லோடு மாரடிக்கிறேன்.

பிரபாவதி அவருடைய மாமன் மகள். முறைப்பெண். அதனால்தான் இவர் அவளுக்குப் பாவா, அதாவது அத்தான். இவருக்குத்தான் அவள் என்று சின்ன வயசிலேயே பேசி வைத்திருந்தார்களாம். அப்புறம் அவளுடைய அப்பா மணவாளன் மாமா மனசு மாறி, நகரியில் பெரிய இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டார். இவருக்கு நான் வாய்த்தேன். அங்கே அவளுக்கு ஒத்துவரவில்லை. பெட்டியோடு பொதட்டூர்பேட்டை அப்பா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். இப்போது சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறாள்.

எனக்கு என்ன பயம் என்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். விட்டுப்போனது மறுபடியும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம். என் புருஷன் என்னை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றியது. அவள்தான் இழுக்கிறாள் என்று அடித்துச் சொல்வேன்.

இல்லையென்றால் ஒரு கம்ப்யூட்டர் இத்தனை தடவை படுக்குமா? இவரும் யூபிஎஸ் பேட்டரியை மாற்றினார். பவர் சப்ளையை மாற்றினார். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினார். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் சரியாகிவிடும். அடுத்த முறை கரண்ட் போய் வந்ததும் நீலத் திரையைக் காட்டிக்கொண்டு நிற்கும். அவள் ஏதோ பண்ணுகிறாள், வேண்டுமென்றே பண்ணுகிறாள்.

போன கிருத்திகை அன்று கடையில் நிற்க இடமில்லை. மலைக்குப் போய் இறங்கியவர்கள் பாதிப்பேர் ஜெராக்ஸுக்கும் போட்டோவுக்கும் எங்கள் கடையில்தான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. இவர் என் முகத்தைப் பார்க்காமலே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மாமா வூட்டுக்கு. ஆர்டர் டிசைன் பாதியில நிக்குதாம். பாவம், அழுதுகினு கீது."

"அழுதா தொடைக்கிறதுக்கு நீங்க போவணுமா?"

"வாய மூடு அனு. ஜனங்க நிக்குது."

நான் வாயை மூடவில்லை, ஷட்டரை இழுத்து மூடினேன். "வாங்க, நானும் வரேன். இன்னா நோவுன்னு நானும் பாக்கறேன்." வெளியே நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முருகனே கோபித்துக்கொண்டாலும் சரி என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அலங்காரம் பண்ணிக்கொண்டு காத்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, எண்ணெய் வழியும் தலையோடு வந்து கதவைத் திறந்தாள். அதற்கும் எனக்கு எரிச்சல்தான். இப்படியே இவர் முன்னால் நிற்கிற அளவுக்கு உரிமையா?

"வாக்கா! இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் காபி கொடுத்தாள். இவருக்குச் சர்க்கரை கம்மியாகப் போட்டுக் கொடுத்தாள். அவருக்குச் சர்க்கரை கம்மி என்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

கம்ப்யூட்டர் உள்ளறையில். முன்கூடத்தில் மாமாவின் ஆறு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இவர் பெட்டியைத் திறந்தார், ரேமை எடுத்தார், ரப்பரால் தேய்த்தார். கோயில் அர்ச்சகர் விக்கிரகத்தைத் துடைப்பதுபோல அவ்வளவு நிதானம். அவள் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள். நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்ததும் அவள் டிசைனைத் திறந்தாள்.

அப்போது கரண்ட் போனது. தறிச்சத்தம் ஒரேயடியாக நின்றது. ஆனால் கம்ப்யூட்டர் நிற்கவில்லை, யூபிஎஸ் தாங்கிக்கொண்டது. தறிக்காரர்கள் தறி மட்டும் ஓடாதபடி கைப்பிடியைத் தள்ளிவிட்டு, மோட்டார் ஸ்விட்சைத் தொடாமலே டீக்கடைக்குப் போனார்கள். நான் அம்மையார்குப்பத்துத் தறிக்காரன் மகள், எங்கள் ஊரிலும் இதே பழக்கம்தான். மோட்டார் உறுமினால் கரண்ட் வந்துவிட்டது என்று டீக்கடை வரைக்கும் கேட்கும்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. ஆறு மோட்டாரும் ஒன்றாக உறுமின. டியூப்லைட் மங்கி, எரிந்து, மறுபடி மங்கியது. யூபிஎஸ் டக் டக் என்று அடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் செத்து, தானே எழுந்து, மறுபடி செத்து, கடைசியில் நீலத் திரையைக் காட்டியது.

"பாத்தியாக்கா? இப்டித்தான்" என்றாள் பிரபாவதி, அழுகிற குரலில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிப்பாவி, இவ்வளவுதானா!

"அடியே, கரண்ட் போறதுல ஒண்ணுமில்ல. திரும்பி வரும்போதுதான் கெடுது. ஆறு மோட்டாரும் சேந்து இழுத்தா கம்ப்யூட்டருக்கு இன்னா மிஞ்சும்? கரண்ட் போனதும் மோட்டார் ஸ்விட்செல்லாம் ஆஃப் பண்ணச் சொல்லு. வந்தப்புறம் ஒண்ணொண்ணா போடச் சொல்லு."

அவள் நம்பாமல் பார்த்தாள். நானே கூடத்துக்குப் போய் ஆறு ஸ்விட்சையும் அணைத்தேன். இவர் கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பினார். கரண்ட் போய் வருவதுபோல மெயின் ஸ்விட்சை இறக்கி ஏற்றினேன். கம்ப்யூட்டர் கல்லாட்டம் நின்றது. பிறகு மோட்டார்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒரு சிமிட்டல்கூட இல்லை.

"அக்கா! நீ பெரிய ஆளுக்கா!"

ஜெயித்த மிதப்பு தலைக்கு ஏறிவிட்டது. இனிமேல் எந்தச் சாக்கில் கூப்பிடுவாள், பார்க்கிறேன் என்று மனசு குதித்தது. அந்த மிதப்பில் பேசிக்கொண்டே போனேன்.

"இதுல இன்னா பெரிய வித்த கீது? எங்க கடையில கரண்ட் போனா மொத வேல பெரிய ஜெராக்ஸ் மெஷின ஆஃப் பண்றதுதான். வரும்போது அது ஒரே இழுப்பா இழுக்கும், கம்ப்யூட்டர் படுத்துக்கும். கடை தொறந்த அன்னிக்கே இவருதான் எனக்குச் சொல்லிக் குடு..."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது.

பிரபாவதியும் நானும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தோம். கையில் அந்த ரப்பரை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"பாவா, உனுக்கு இது தெரியுமா?" என்றாள் அவள்.

அவர் குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியை மாட்ட ஆரம்பித்தார்.

"எத்தினி தபா டிசைன் போச்சு. ராவெல்லாம் மறுபடி ஒக்காந்து போட்டேன். ஆர்டர் குடுத்த சேட்டு கிட்ட எவ்ளோ ஏச்சு வாங்கினேன். தெரிஞ்சினே வந்து வந்து தேச்சுகினு இருந்தியா?"

"கவனிக்கல பிரபா" என்றார். காது மடல் சிவந்திருந்தது. இந்த மனுஷனுக்கு ஒழுங்காகப் பொய் சொல்லவும் வராது.

அவள் துண்டை இழுத்துத் தோளைச் சுற்றி நன்றாகப் போர்த்திக்கொண்டாள். என் பக்கம் வந்து நின்றாள். "அக்கா, உன் நம்பர் குடு. இனிமே எதுனா ஆச்சுன்னா உனுக்குப் பண்றேன். பாவா வரவாணாம்."

இதைக் கேட்கத்தானே ஷட்டரை இழுத்துவிட்டு வந்தேன்? கேட்டேன். நம்பரையும் சொன்னேன். ஒரு துளி சந்தோஷம் இல்லை. இத்தனை நாளும் அவளைக் கரித்துக் கொட்டினேனே, அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. இழுத்தது அவள் இல்லை. இவர்தான் தானாகவே போய்க்கொண்டிருந்தார். யார்மேல் பொறாமைப்படுவது என்றுகூட எனக்கு இப்போது தெரியவில்லை.

வெளியே வந்து இவர் வண்டியைத் திருப்பினார். நான் ஏறவில்லை. மிக்ஸியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் தெருவிலேயே கொட்டிவிட வேண்டும் என்று இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அவ மனசுல நீங்க இல்லீங்க. அது தெரியுமா உங்களுக்கு?"

என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாகப் பார்த்தார்.

"ஆங். தெரியும்" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒன்றுமில்லை என்று தெரிந்தும் இவ்வளவு தூரம் வந்து போனவரிடம் என்ன சண்டை போடுவது? வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

"எடுங்க," என்றேன். "கடை பூட்டிக் கெடக்குது."