முதல் வால்வு

“எனக்கு ஒரு…” என்று ஆரம்பித்தாள்.

“ஆம்ப் வேணும்,” என்று அவள் கணவர் முடித்துவைத்தார். “சின்னதா ஒண்ணு. மவுத் ஆர்கனுக்கு.”

அவள் கேட்க வந்தது நாற்காலி. இரண்டு மாடி ஏறி வந்திருந்தாள். பட்டறையின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆம்ப் செய்கிறவன் கையிலிருந்த சால்டரிங் கம்பியைத் தாங்கியில் செருகிவிட்டு எழுந்தான். “வாங்கண்ணே, வாங்க. நீங்க ஃபோன்ல…” என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டு, “வாங்கக்கா” என்றான்.

ஃபோனில் என்ன என்று கேட்டிருப்பாள். ஒரே மூச்சில் கேட்டுவிடக்கூடிய கேள்விதான். அந்த ஒரு மூச்சு அப்போது கைவசம் இல்லை.

பதினெட்டு வருடம் கல் அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவள். சமையல் மேடைக்கான பலகைக் கற்களை அளவுக்கு அறுத்து, விளிம்பை இழைத்து அனுப்பும் இடம். ஆறு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடும். அந்தக் கோடியில் கை வைக்கக் கூடாத இடத்தில் ஒருவன் கை வைத்தால் இந்தக் கோடியிலிருந்து கத்தி நிறுத்துவாள். அத்தனை இரைச்சலையும் கிழித்துக்கொண்டு போகும் குரல். அதனால் சைரன் என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பறக்காது, ஆனால் வேலை மெதுவாகும். அதனால் முதலாளி தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிப் போட்டார். அவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தவர். இன்றைக்கும் தினம் காலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போகிறார். அவள் நெஞ்சு எக்ஸ்ரே படத்தில் மட்டும் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள்.

இப்போது அவளுக்கு ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு வேண்டும். முதல் மூச்சுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உள்ள சந்தில் யார் வேண்டுமானாலும் நுழைந்துவிடுகிறார்கள். மருந்துக் கடைக்காரர் முடித்துவைக்கிறார். மகள் முடித்துவைக்கிறாள். எல்லோருக்கும் முந்தி கணவர். முப்பது வருடம் பேருந்து ஓட்டி, ஒரு நாளும் பச்சை விழுவதற்கு முன் வண்டியை எடுக்காத மனுஷன், அவள் பேச்சில் மட்டும் எந்த விளக்குக்கும் நிற்பதில்லை. தப்பாக முடித்தாலும் அதைத் திருத்த இன்னும் மூன்று மூச்சு வேண்டும். அதனால் அவர் முடித்ததே அவள் சொன்னதாக நிலைத்துவிடும். ஜன்னலைத் திற என்று சொல்ல வாயெடுத்தால் போர்வை வரும். வரவேண்டாம் என்று அவள் சொல்ல நினைத்த சொந்தக்காரர்கள் எல்லாம் பழத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அவள் ரொம்பப் பொறுமைசாலி ஆகிவிட்டாள் என்று அவர்களிடம் கணவர் சொன்னார். பொறுமையாவது மண்ணாவது. கோபப்படுவதற்கும் காற்று வேண்டியிருக்கிறது.

மவுத் ஆர்கன் மூச்சுப் பயிற்சி வகுப்பில் கொடுத்தது. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஊதுவார்கள். “இது பாட்டு இல்லம்மா, மருந்து” என்றாள் சொல்லித் தரும் பெண். இரண்டாம் வாரம், ஊதி முடித்து மூச்சை இழுத்தபோது, அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். உள்ளே இழுத்தாலும் இதில் சத்தம் வருகிறது. ஊதினால் வருவது சாதுவான சத்தம். இழுக்கும்போது நாக்கை லேசாகப் பின்னுக்கு வளைத்தால், கீழ்ச் சுருதித் துளைகளில் ஒரு உறுமல் வருகிறது. திட்டுவதற்கு மூச்சை வெளியே விட வேண்டும். அது அவளிடம் இல்லை. ஆனால் இழுக்கிற மூச்சு எப்படியும் இழுத்தாக வேண்டியதுதானே. அன்றிலிருந்து தினமும் குளியலறையில் உட்கார்ந்து முதலாளியைத் திட்டினாள், சொந்தக்காரர்களைத் திட்டினாள், பழத்தைத் திட்டினாள். அடுத்த அறைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குத்தான் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப். சாதாரண ஒலிபெருக்கி அந்தச் சின்ன சத்தத்தைச் சின்ன சத்தமாகவே பெரிதாக்கும். பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வு வைத்த சின்ன ஆம்ப் அப்படியில்லை, கொஞ்சம் மூச்சு பட்டாலே கரகரக்கும் என்று படித்தாள். ஒரு மாதம் தேடி, கையால் அதைச் செய்கிற ஒருவன் நான்கு தெரு தள்ளி இருப்பதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். கணவர் நம்பரை வாங்கிக்கொண்டார். “நான் பேசிக்கறேன். நீ சிரமப்படாத.”

ஒரு வழியாக நாற்காலி வந்தது. வேலை மேசை மேல் இரண்டு ஆம்ப் இருந்தன. பழுப்புத் தோல் ஒட்டிய பெரியது ஒன்று. பாலாடை நிறத்தில், ரொட்டிப் பெட்டி அளவில், பார்த்தாலே தூக்கிக்கொள்ளத் தோன்றுகிற சின்னது ஒன்று. அவன் இரண்டுக்கும் ஸ்விட்ச் போட்டான்.

“வால்வுக்கா. ஸ்விட்ச் போட்டதும் சத்தம் வராது, சூடாகணும். அணைச்சதும் போகவும் போகாது. கொஞ்சம் வீம்பு பிடிச்சது.”

“எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு அப்படி” என்றார் கணவர். இருவரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. அவன் கிட்டாரை எடுத்துப் பழுப்பு ஆம்பில் செருகி வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். கணவர் தொடையில் தாளம் போட்டார். கிட்டார் இங்கே யாருக்கு என்று அவள் கேட்க நினைத்தாள். அவன் கண்ணைத் திறந்தபோது, “அருமைன்னு சொல்றா” என்றார் கணவர்.

பிறகுதான் மைக் அவள் கைக்கு வந்தது. உருண்டையானது, கைப்பிடிக்குள் அடங்குவது. மவுத் ஆர்கனோடு சேர்த்து அதை உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொள்ள வேண்டும். பழுப்பு ஆம்பில் ஊதினாள்.

“இன்னும் அழுத்தி ஊதுங்கக்கா.”

அவனைப் பார்த்தாள்.

“சரி, சரி. இது கிட்டார்காரங்களுக்கு. உங்களுக்கு இதுதான்.” செருகியைப் பாலாடை நிறத்துக்கு மாற்றினான். “இப்ப பாருங்க.”

இழுத்தாள். சத்தம் வந்தது. சுத்தமான, துடைத்துவைத்த சத்தம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ரப்பர் செருப்போடு யாரோ நடந்து வருவதுபோல. சத்தம் கூட்டும் திருகைப் பாதிவரை ஏற்றினாள். நாக்கை வளைத்தாள். முழுக்கத் திருகினாள். செருப்பு கிட்டே வந்தது, அவ்வளவுதான்.

“எவ்வளவு இதமா இருக்கு!” என்றார் கணவர். “இதையே எடுத்துக்கலாம். கலரும் நல்லாருக்கு.”

ஆறு இயந்திரங்களில் எதில் பல் மழுங்கிவிட்டது என்று காதாலேயே சொல்கிறவள் அவள். இது மழுங்கல் இல்லை. இதன் வாயை யாரோ கட்டியிருக்கிறார்கள். எழுந்து ஆம்பின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். திறந்த முதுகுக்குள் இரண்டு வால்வுகள் நின்றன. பெரியது முழுக்கத் தூசி. ஓரத்திலிருந்த சின்னதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. மேசை மேல், திருப்புளிகளுக்குப் பக்கத்தில், ஒரு துணியில் இன்னொரு சின்ன வால்வு படுத்திருந்தது. அதன் தலையில் தூசி.

அதை விரலால் காட்டினாள். “இது?”

ஒரு சொல்தான். அதை யாராலும் முடித்துவைக்க முடியவில்லை.

ஆம்ப் செய்கிறவன் கணவரைப் பார்த்தான். கணவர் ஜன்னலைப் பார்த்தார்.

“அண்ணன்தான் ஃபோன்ல…” என்றான் அவன். “இந்த முதல் வால்வுதான்க்கா மைக்லேர்ந்து வர்றதை வாங்கி ஏத்திவிடும். இங்க நிறைய ஏறினாத்தான் உறுமும். உறுமாததாப் போடச் சொன்னாரு. பேஷண்ட்டுன்னாரு. நான் கேட்டேன், அக்காவுக்குத் தெரியுமான்னு.”

“நான்தான் சொன்னேன்,” என்றார் கணவர். “என்ன இப்ப? உறுமணும்னு நீ இழுக்கற. இழுத்தா இருமல் வருது. போன தடவை ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷம். நீ மயங்கிக் கிடந்த, உனக்குத் தெரியாது. நான் முழிச்சிட்டு இருந்தேன். உன் உதட்டு நிறத்தப் பாத்துக்கிட்டே நாப்பது நிமிஷம். இது உனக்காகத்தான் செஞ்சேன்.”

அது பொய்யில்லை. இப்போதும் அவள் புரண்டு படுத்தால் அவர் எழுந்துகொள்கிறார். அதுதான் அவளை இன்னும் எரித்தது. முதலாளியையாவது முதலாளி என்று திட்டலாம். தண்ணீர்க் குழாயைப் பிடுங்கியவருக்கு அவளைக் கேட்கத் தோன்றவில்லை. வால்வைப் பிடுங்கச் சொன்னவருக்கும் தோன்றவில்லை. அவளைக் குளியலறையில் விட்டுவிட்டுக் கதவை ஒட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த உறுமல் அவருக்குக் கேட்டிருக்கிறது. கேட்டதால்தான் இந்த வேலை.

“மா…” என்றாள்.

“மாத்தணுமா? வேண்டாம்மா. சொன்னாக் கேளு, இதுவே…”

அவள் உள்ளங்கையால் மேசையை ஓங்கி அறைந்தாள். திருப்புளிகள் எகிறி விழுந்தன. துணியிலிருந்த வால்வு உருண்டு வந்து விளிம்பில் நின்றது. மூவரும் அதையே பார்த்தார்கள்.

“மாத்து தம்பி.”

அவன் ஆம்பை அணைத்தான். “ஊளையிடும்க்கா. சொல்லிட்டேன். கையில துளி சந்து விட்டாலும் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ள போயிக் கத்த ஆரம்பிச்சிரும்.”

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். கல் தூக்கித் தூக்கித் தடித்த கைகள். விரல்களைச் சேர்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியாது. அவன் அந்தக் கைகளை ஒரு நிமிடம் பார்த்தான்.

வால்வு ஆறும்வரை காத்திருந்தார்கள். கணவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அவன் துணியால் பிடித்து ஒன்றைப் பிடுங்கி, மற்றதன் கால்களைத் துளைக்கு நேராக வைத்து அழுத்தினான். ஸ்விட்ச் போட்டான். உள்ளே கம்பி முதலில் கறுப்பாகவே இருந்தது. பிறகு அடியில் ஒரு பொட்டுச் சிவப்பு. அது மெல்ல ஆரஞ்சாக ஏறியது. இந்த அறையில் அவளுக்காக அவசரப்படாதது அது ஒன்றுதான்.

மைக்கைப் பொத்தினாள். இழுத்தாள்.

உறுமியது. மூச்சு கொஞ்சம்தான் போயிற்று; வந்தது அதற்குச் சம்பந்தமில்லாத அளவு. மேசை மேலிருந்த திருகாணிகள் நடுங்கின. நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டாள். யாரும் நடுவில் நுழையவில்லை. மறுபடி இழுத்தாள். இம்முறை சுண்டு விரலை ஒரு நூல் அளவு திறந்தாள். அடியில் உறுமல் இருக்க, மேலே மெல்லிய ஊளை ஒன்று கிளம்பியது. விரலை மூடினாள், அடங்கியது. திறந்தாள், ஏறியது. கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

ஆம்ப் செய்கிறவன் வாய் பிளந்து நின்றான். கணவர் எழுந்து ஏதோ சொன்னார். அவர் உதடுகள் அசைந்தன. ‘போதும்மா’வாக இருக்கலாம். ‘இருமல்’ என்றும் இருக்கலாம். அவர் மறுபடி சொன்னார், கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் சொல்ல வந்ததை முடித்துவைக்க அவளுக்குத் தெரியும். முடித்துவைக்கவில்லை. நெஞ்சுக்குள் எங்கோ இருமல் நெளிய ஆரம்பித்தது அவளுக்கும் தெரிந்தது. விரலை இன்னும் திறந்தாள்.

கணவர் மேசையைச் சுற்றி ஓடி வந்து ஸ்விட்சை அணைத்தார்.

சத்தம் நிற்கவில்லை. அவர் விரல் அணைந்த ஸ்விட்சின் மேலேயே இருந்தது. இன்னொரு முறை அழுத்தலாமா என்பதுபோல் அவளைப் பார்த்தார். ஆம்பின் முதுகுக்குள் கம்பி ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள்.