எலும்பு முறியவில்லை

ஓணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். கிழக்கேகோட்டைப் பக்கத்து அந்த நாலு மாடி ஜவுளிக்கடையில் காலை பத்து மணிக்கே கூட்டம் நெரிந்தது. இரண்டாம் மாடியில் அஜிதா வலது காலை மட்டும் ஊன்றி, இடது காலைச் சற்றே தூக்கி வைத்து, ஒரு கையால் மேசையைப் பிடித்தபடி பொன் சரிகைக் கரை போட்ட கசவுச் சேலைகளை விரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு மெமோ உண்டு.

அந்த மாடிக்கு சூப்பர்வைசர் சீதாலக்ஷ்மி. வலியசாலை அக்ரஹாரத்துக்காரி. இருபத்திரண்டு வருஷமாக இதே கடையில் நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருண்டு போனவள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. மேலே சொன்னதைக் கீழே அப்படியே சொல்லிவிட்டால் தன் வேலை முடிந்தது என்று நினைக்கிற ரகம். ஊரில் பாதி அநியாயம் இந்த ரகத்தை வைத்துத்தான் நடக்கிறது.

"என்னடி, ஒத்தைக் கால்ல நின்னுண்டிருக்காய்? வர்றவா எல்லாம் பாக்கறா."

"எக்கா, காலு ஊன முடியல்லக்கா. நீரு வத்தவே இல்ல. பொறத்த எல்லாம் கறுத்துப் போச்சு" என்றாள் அஜிதா. அவள் நாகர்கோவில் பக்கத்துப் பெண். கடை ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள்.

"அதான் எக்ஸ்ரே எடுத்தாச்சே. எலும்பு முறியலை. ஓணம் கழியற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ, கேட்டியா."

ஐந்து நாளைக்கு முன்னால் மேல் அடுக்கிலிருந்து சேலைக்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கும்போது ஏணியின் கடைசிப் படி தவறி, அஜிதாவின் இடது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. பக்கத்துக் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று சாயங்காலம் மேனேஜர் ஸ்ரீஜித் விற்பனைப் பெண்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து, அந்தப் படத்தை ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் நல்லா நோக்கிக்கோ. எலும்பு ஒடையல்ல. ஒண்ணும் இல்ல. லீவுக்கு வேண்டி அபிநயம் இங்க வேண்டா, கேட்டோ."

ஸ்ரீஜித் படித்தது பி.காம். கணுக்காலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவருக்கு ஒரு ட்யூப் லைட் போதுமானதாக இருந்தது. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சீதாலக்ஷ்மியும்தான். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளத்தில் சட்டமே வந்துவிட்டது. இந்தக் கடையிலும் ஸ்டூல் வாங்கினார்கள். லேபர் ஆபீசர் வருகிற அன்று அவை மாடிக்கு வரும், அவர் ஜீப் கிளம்பியதும் குடோனுக்குப் போய்விடும்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் முன்னால், கையில் சேலையோடு அஜிதா அப்படியே சரிந்து விழுந்தாள். சீதாலக்ஷ்மி ஓடிவந்து அவள் காலைப் பார்த்தாள். கணுக்கால் இருந்த இடமே தெரியவில்லை. விரல் வரை நீலமும் கறுப்பும் பரவியிருந்தது. ஐந்து நாளாக இதைக் குனிந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

லீவு ஃபைலில் கிடந்த கிளினிக் சீட்டை உருவிக்கொண்டு, அஜிதாவை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். வழியில்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சீட்டை முழுசாகப் படித்தாள். முதல் வரியில் எலும்பு முறிவு இல்லை என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் மூன்று வரி. காலை ஊன்றக் கூடாது. ஐந்தாம் நாள் மறுபடி பரிசோதிக்க வேண்டும். வீக்கம் குறையாவிட்டால் தசைநாருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும்.

சீதாலக்ஷ்மி அந்த மூன்று வரியையும் மறுபடி படித்தாள். இந்தச் சீட்டை ஃபைலில் வைத்தவளே அவள்தான்.

"ஏண்டி, ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர் உங்கிட்ட சொல்லலையா?"

"மலையாளத்துல மடமடன்னு என்னவோ சொன்னாருக்கா. கூட வந்த ஆபீஸ் ஆளுதான் சீட்டை வாங்கினாரு. கொழப்பம் ஒண்ணும் இல்ல, பயப்படாதன்னு சொல்லிட்டாரு. எனக்க கையில தரவே இல்ல."

காலின் சொந்தக்காரிக்குக் காலைப் பற்றிய காகிதம் கிடையாது! அது கம்பெனி ஃபைலில் பத்திரமாக இருக்கும். இப்படியும் ஒரு ஒழுங்கு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெஸி கணுக்காலில் பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை மெதுவாக நகர்த்தினார். பாதத்தை லேசாக அசைத்துத் திரையைப் பார்த்தார். வேலூரில் படித்தவர் என்பதால் அவருக்குத் தமிழ் வந்தது.

"எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும். எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கிற நார் தெரியாது. சுளுக்குல மூணு நிலை இருக்கு. நார் இழுபடுறது, பாதி கிழியறது, முழுசா அறுந்துபோறது. இந்தக் குட்டிக்கு ரெண்டு நார் முழுசா அறுந்திருக்கு."

"விழுந்த அன்னிக்கே அறுந்திருக்குமா டாக்டர்?" என்று கேட்டாள் சீதாலக்ஷ்மி. ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்று இருந்தது அவளுக்கு.

"அது எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்குப் பாதிதான் கிழிஞ்சிருந்ததோ என்னவோ. அப்புறம் தினமும் எத்தனை மணி நேரம் நின்னா?"

"பதினொரு மணி நேரம்."

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. "கிழிஞ்ச நார்மேல பதினொரு மணி நேரம் நிக்க வெச்சீங்களா? நீங்கள்லாம் மனுஷங்கதானா? உள்ள மூட்டுலயும் அடி பட்டிருக்கான்னு எம்.ஆர்.ஐ. பாக்கணும். ஆபரேஷன் வேணுமான்னு அதுக்கப்புறம்தான் சொல்ல முடியும். ஏணி, படி, நின்னு செய்யற வேலை, எதுவும் இப்போதைக்குக் கிடையாது."

கால் சரியாகுமா என்று அஜிதா கேட்கவில்லை. "அப்போ எனக்க வேலை போயிருமாக்கா? ஹாஸ்டல்லயும் இருக்க விடமாட்டாவளே" என்றாள். சீதாலக்ஷ்மிக்கு வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அஜிதாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு சாயங்காலம் சீதாலக்ஷ்மி கடைக்குத் திரும்பியபோது ஸ்ரீஜித் ஒரு காகிதத்தோடு காத்திருந்தார். தொழிலாளர் காப்பீட்டுக்காக இ.எஸ்.ஐ.க்குப் போக வேண்டிய விபத்து ரிப்போர்ட்.

"சேச்சி, இதுல ஒரு ஒப்பு போட்டா மதி. ஹாஸ்டல் படியில விழுந்ததா எழுதியிருக்கு. கடைக்கு வெறுதே பிரச்சனை வேண்டாமல்லோ" என்று கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார்.

ஹாஸ்டல் படியில் விழுந்தால் அது வேலையில் பட்ட காயம் ஆகாது. அதற்கான உதவித்தொகையும் வராது, வேலையில் வைத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். ஒரு பெண்ணின் காலை ஒடித்தது போதாதென்று பிழைப்பையும் ஒடிக்க ஒரு கையெழுத்து கேட்டார்கள்.

சீதாலக்ஷ்மி அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்தாள். மேசையிலிருந்து புதிய படிவம் ஒன்றை எடுத்து, நின்றபடியே எழுதினாள். இரண்டாம் மாடியில், வேலை நேரத்தில், ஏணியிலிருந்து விழுந்தாள். ஓய்வும் மறுபரிசோதனையும் வேண்டும் என்ற டாக்டர் சீட்டு என்னிடம் இருந்தது. நான் அதை முழுசாகப் படிக்கவில்லை. ஐந்து நாள் அவளை நிற்க வைத்தது நானும் மேனேஜரும். கீழே கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்து அஜிதாவுக்கு அனுப்பினாள்.

ஸ்ரீஜித் படிவத்தை எட்டிப் படித்தார். "சேச்சிக்கு என்ன பிராந்தா? சொந்தப் பேரையே எழுதி வெச்சிட்டு! உங்க வேலையும் போகும்."

"போனா போகட்டும் ஸார். செஞ்சது நாமதானே, வேற யார் பேரை எழுதறது?" சீதாலக்ஷ்மியின் குரல் உயர்ந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நாளைக்குக் கார்த்தால இதை நானே இ.எஸ்.ஐ. ஆபீஸ்ல கொண்டு குடுக்கப் போறேன். இனி இந்த மாடியில எந்தப் பொண்ணோட சீட்டும் ஃபைலுக்குப் போகாது, அவ கைக்குத்தான் போகும். ஒருத்தி நோகறதுன்னு சொன்னா முதல்ல அவளை நம்பணும் ஸார். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் அடி எத்தனை பலம்னு பாக்கறதுக்காக்கும். அவ பொய் சொல்றாளான்னு பாக்கறதுக்கில்லே!"