தெரிந்தவர் செய்த விபத்து

காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை. இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது உண்மையா, ஜோடனையா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது அவள் வேலை.

மற்ற அதிகாரிகள் நாலு படம் எடுத்து, நாலு கேள்வி கேட்டுத் திரும்பிவிடுவார்கள். அவள் அப்படியில்லை. படகு மூழ்கிவிட்டது என்று ஒருவர் வந்தால், முதலில் ஏதாவது ஒரு படகுப் பட்டறையில் போய் உட்கார்ந்து, பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்கை எப்படி அடைக்கிறார்கள் என்று கற்றுக்கொள்வாள். கிடங்கில் மீன் கெட்டுப்போயிற்று என்றால், குளிர்பதன இயந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்த பிறகுதான் அந்தக் கிடங்கின் கதவைத் தட்டுவாள்.

"பொய் சொல்றவன் தன் தொழிலைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுச் சொல்றான். நமக்கு அந்தத் தொழில் தெரியலன்னா அவன் சொல்றதுதான் வேதம்" என்பாள்.

இப்படியே அரை டஜன் தொழில்கள் கைக்கு வந்துவிட்டன. கூடவே சந்தேகமும் வளர்ந்தது. "உன் முன்னாடி நிம்மதியா ஒரு தும்மல் போட முடியல. நிஜத் தும்மலான்னு பாக்குற" என்பார் கணவர்.

அன்று காலை மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மரச்சாமான் பட்டறை ஒண்ணு எரிஞ்சு போச்சு. யாரோடதுன்னு தெரியுதா?"

அவர் நீட்டிய கோப்பில் பெயரைப் பார்த்ததும் தெரிந்தது. அந்தத் தெருக்காரர்கள் அஷ்டாவதானி என்று அழைக்கும் ஆள். முதலில் ரொட்டிக்கடை வைத்திருந்தான். அடுப்பிலிருந்து தீ பரவிக் கடை போனது. அடுத்து புத்தகம் பைண்டிங் செய்யும் கடை. மாடிக் குழாய் விட்டுப்போய், தண்ணீர் இறங்கிக் காகிதமெல்லாம் கூழானது. இப்போது மரப்பட்டறை. முந்தைய இரண்டையும் விசாரித்து, விபத்துதான் என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

"ஒரே தலையில மூணு தடவை இடி விழுமா மேடம்?" என்றார் மேலாளர். பிறகு மேசைமீது இருந்த பேனாவை நேராக வைத்தபடி, "அந்த ஆளு உங்களுக்கு ரொம்பப் பழக்கமோ?" என்றார்.

இத்தனை வருடம் அவள் மற்றவர்களைப் பார்த்த பார்வையால் இப்போது அவளை ஒருவர் பார்த்தார்.

"பழக்கம் இல்ல சார். ஆனா பிடிக்கும்" என்றாள். உண்மையும் அதுதான். ரொட்டிக்கடை எரிந்தபோது, தன் இழப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், மாவு ஏன் மழைநாளில் வேறு மாதிரி உப்புகிறது என்று அவளுக்கு ஒரு மணி நேரம் விளக்கியவன் அவன். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். இவன் மட்டும் தொட்ட மரத்தையெல்லாம் வெட்டி, செதுக்கி, முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனான். தன்னைப் போல ஒருவன் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த நினைப்பே ஒருவேளை தன் கண்ணை மறைத்துவிட்டதோ என்று இப்போது தோன்றியது.

பட்டறைக்குப் போவதற்கு முன், வழக்கம்போலத் தொழிலைக் கற்கப் போனாள். ஊரின் மறுகோடியில் ஒரு பாலிஷ்காரர், அவளைவிட வயதில் இளையவர், படபடவென்று பேசுகிறவர். அவளுக்கு ஒரு பழைய கதவைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். உப்புத்தாள் பிடித்து, தூசி தட்டி, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் நனைத்துப் பூசினாள். வேலை முடிந்ததும் துணியைக் கசக்கி மூலையில் போட்டாள்.

"ஐயோ மேடம்! எடுங்க, எடுங்க!" பாலிஷ்காரர் ஓடிவந்து துணியை எடுத்து உதறினார். "இந்த எண்ணெய் காயுறப்ப சூடு கிளம்பும். விரிச்சுப் போட்டா காத்துல போயிடும். கசக்கிக் குவிச்சா சூடு உள்ளயே ஏறி ஏறித் தானா தீப்பிடிச்சுக்கும். தீக்குச்சியே வேணாம். ஒண்ணு கம்பியில விரிக்கணும், இல்ல தண்ணியில முக்கணும்."

"இது இந்தத் தொழில்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"சேர்ந்த அன்னிக்கே சொல்லிடுவோம். இது தெரியாதவன் கையில துணியையே குடுக்க மாட்டோம்."

பஸ்ஸில் திரும்பும்போது அவள் மனசில் அதுவே சுற்றியது. தெரியாதவன் குவித்தால் விபத்து. தெரிந்தவன் குவித்தால்?

எரிந்த பட்டறையில் அவனும் அவன் அக்காவும் காத்திருந்தார்கள். அக்காவுக்குக் கல்யாணமாகவில்லை, மூன்று கடையிலும் கல்லாவில் உட்கார்ந்தது, பெருக்கியது, பூட்டியது எல்லாம் அவள்தான். தம்பி பேசுவான், அக்கா பக்கத்தில் நிற்பாள், எப்போதும் அப்படித்தான்.

கருகிய இடத்தில் பூதக்கண்ணாடி குனிந்து குனிந்து பார்த்தாள். நெருப்பு மேலே ஏறும். எங்கே மிகத் தாழ்வாக எரிந்திருக்கிறதோ அங்கேதான் பிறந்திருக்கும். வேலை மேசைக்கு அடியில், சுவர் ஓரமாக, தரையே வெடித்திருந்தது. அங்கே கருகிய அட்டையும் துணிச் சாம்பலும் கிடந்தன. பக்கத்திலேயே வார்னிஷ் டப்பாக்கள்.

"எண்ணெய்த் துணியை எங்க போடுவீங்க?"

"வெளியே கம்பியில. ஒவ்வொண்ணா, இடைவெளி விட்டு" என்றான் அவன். "லீவு நாள் காலையில மேசைக்கு எண்ணெய் பூசிட்டு விரிச்சுட்டுத்தான் போனேன். வெளியூர்லேருந்து ஒருத்தர் வந்திருந்தாரு, அவரைப் பாக்கப் போயிட்டேன். மத்தியானம் போன் வந்துச்சு."

வெளியே கம்பியில் கிளிப்புகள் வெறுமனே தொங்கின. அவள் அதைப் பார்ப்பதை அவனும் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் அக்கா. "மழை வர்ற மாதிரி இருந்துச்சு. நனையப்போகுதேன்னு எல்லாத்தையும் சுருட்டி ஒரு அட்டைப் பெட்டியில வச்சு மேசைக்குக் கீழ தள்ளிட்டு வீட்டுக்குப் போனேன். துணி தானா தீப்பிடிக்கும்னு யாருக்குத் தெரியும்? அவன் தொழிலைப் பத்தி எனக்கென்ன தெரியும்? கூட்டிப் பெருக்கத் தெரியும், அவ்வளவுதான்." சொல்லும்போதே கண் கலங்கியது.

"விடுக்கா. உனக்கெப்படித் தெரியும்?" என்று தம்பி அவள் தோளைத் தொட்டான்.

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. தெரியாதவள் குவித்தாள், விபத்து. அலுவலகத்தில் மேலாளரின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் கச்சிதமாகப் பொருந்தும் எதையும் பூதக்கண்ணாடி லேசில் நம்புவதில்லை. அவசரமாக வீட்டுக்குப் போகிறவள் துணியை மேசைமேலேயே வைத்திருக்கலாமே, வார்னிஷ் டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஏன் தள்ளினாள்?

பக்கத்துக் கடையில் ஒரு தையல்கார அம்மா. தீயை முதலில் பார்த்தவர் அவர்தான். புகை எந்தப் பக்கம் வந்தது, என்ன நிறம் என்றெல்லாம் பூதக்கண்ணாடி கேட்டாள். தையல்கார அம்மா பொத்தான் தைத்துக்கொண்டே பதில் சொன்னார். பேச்சுவாக்கில் தன் அலமாரியைக் காட்டினார்.

"நல்ல மனுஷங்க மேடம். இந்த அலமாரியைப் பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு! அந்த அக்கா பாலிஷ் போட்டுக் குடுத்தது."

"தம்பிதானே போட்டிருப்பார்?"

"இல்லையே, அக்காதான். தம்பிக்குச் சொல்லாதீங்கன்னாங்க. நாலு மாசம் இருக்கும். முடிச்சுட்டு நான் துணியைக் குப்பையில போடப் போனேன், கையைப் பிடிச்சுட்டாங்க. 'அம்மா, இதைக் கசக்கிப் போட்டா கடையே எரிஞ்சிடும்'னு சொல்லி, வாளித் தண்ணியில முக்கி வச்சுட்டுப் போனாங்க. அவ்வளவு பொறுப்பு!"

ஊசி துணிக்குள் போய் வந்துகொண்டிருந்தது. என்ன சொல்லிவிட்டோம் என்று தையல்கார அம்மாவுக்குத் தெரியவில்லை. பூதக்கண்ணாடி எழுந்து, நன்றி சொல்லி, வெளியே வந்து, சற்று நேரம் நடைபாதையிலேயே நின்றாள். குற்றவாளியைக் கண்டுபிடித்தால் வருகிற வழக்கமான விறுவிறுப்பு வரவில்லை.

நேரே அவர்கள் வீட்டுக்குப் போனாள். தம்பி கதவைத் திறந்தான். அக்கா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தையல்கார அம்மாவோட அலமாரி ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள் பூதக்கண்ணாடி.

கத்தி நின்றது.

"எந்த அலமாரி?" என்றான் தம்பி.

அவன் அக்காவைப் பார்த்தான், அதிகாரியைப் பார்த்தான். பூதக்கண்ணாடி தான் கேட்டதை அப்படியே சொன்னாள், கூட்டாமல், குறைக்காமல்.

"அக்கா, இவங்க ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. இல்ல?"

அக்கா கத்தியைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்தாள். "நீ தினமும் சாப்பிடும்போது சொல்வியே, ரொட்டி எப்படி, தோல் அட்டை எப்படி, மரம் எப்படின்னு. கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துருச்சு. நீ இல்லாதப்ப செஞ்சு பாப்பேன். நல்லாவே வரும். உன்கிட்ட சொன்னதில்ல."

"அதை விடு. துணியைத் தெரிஞ்சேவா வச்சே?"

"அந்த வெளியூர் ஆளு உன்னைக் கூட்டிட்டுப் போக வந்திருந்தான்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். வந்தவர் ஒரு பெரிய ஓட்டல் கட்டுகிறவர். மரவேலைக்கெல்லாம் தலைவனாக வரச் சொல்லியிருந்தார். முன்பு பைண்டிங்கில் கை தேர்ந்தபோதும், பழைய புத்தகங்களைச் சீர்செய்ய ஒரு பெரிய நூலகம் வெளியூரிலிருந்து கூப்பிட்டது. கிளம்ப இருந்த வாரம்தான் குழாய் விட்டுப்போனது.

"ஒரு தொழில்ல தேறிட்டா உன்னை யாராவது கூப்பிடுவாங்க" என்றாள் அக்கா. "புதுசா ஆரம்பிச்சா இங்கேயே இருப்பே. ராத்திரி சோத்தைப் போட்டுக்கிட்டு எனக்குச் சொல்லிக்கிட்டிருப்பே. எனக்கு வேற யாருடா இருக்கா?"

"ரொட்டிக்கடை அடுப்பும் நீதானா?"

"இல்ல! சத்தியமா இல்ல. அது தானா நடந்தது. அப்பவும் நீ கிளம்ப இருந்தே, தீயினால போகாம நின்னுட்டே. அதுக்கப்புறம்தான்..." அவள் முடிக்கவில்லை.

அவன் நம்பினானா என்று தெரியவில்லை. கத்தவில்லை, அழவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தான். அடுப்பை, குழாயை, ஜன்னலை. ஒவ்வொன்றும் புதிதாக அவனை மிரட்டுவது போல இருந்தது அந்தப் பார்வை. பூதக்கண்ணாடிக்கு அது நன்றாகத் தெரிந்த பார்வை. அதை ஒருவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று அவள் கூனிக்குறுகினாள்.

மறுநாள் அவனே அலுவலகத்துக்கு வந்து, இழப்பீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். பைண்டிங் கடைக்குப் பெற்றதையும் திருப்பிவிடுவதாகச் சொன்னான். நிர்வாகம் போலீஸ் வரை போகவில்லை. ஆனால் பூதக்கண்ணாடி தன் அறிக்கையில் நடந்ததை முழுசாக எழுதினாள்: முதல் முடிவு சரி, இரண்டாவது என் தவறு.

"இதை எழுதாமலே விட்டிருக்கலாம்" என்றார் மேலாளர். "இனிமே உங்க பழைய கேஸ் எல்லாத்தையும் கிளறச் சொல்வாங்க."

"கிளறட்டும் சார்."

கிளறினார்கள். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, படகைப் பற்றியும் மீனைப் பற்றியும் கேள்வி கேட்டார். அவருக்குப் படகும் தெரியாது, மீனும் தெரியாது. அவள் பொறுமையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அவர் நெற்றியில் அந்தச் சுருக்கம் ஆழமாகிக்கொண்டே போனது. இவ்வளவு தெரிந்தவள் எப்படி ஏமாந்தாள் என்ற சுருக்கம்.

தம்பி ஓட்டல் வேலைக்குப் போய்விட்டான். அவன் போன பிறகு ஒருநாள், சாப்பாட்டு இடைவேளையில், அக்கா அலுவலக வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள்.

"திட்ட வந்தீங்களா?" என்றாள் பூதக்கண்ணாடி.

"இல்ல. எனக்கு ஒரு வேலை வேணும். உங்களுக்கு எல்லாத் தொழில்லயும் ஆள் தெரியும்னு அவன் சொல்வான். எனக்கு மூணு தொழில் தெரியும். இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல."

"தம்பி பேசுறாரா?"

"போன் பண்ணா எடுக்குறான். நான் கேட்டதுக்குப் பதில் சொல்றான். அவனா எதுவும் சொல்றதில்ல."

பூதக்கண்ணாடி அவளை வாசலிலேயே உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்ப் பாலிஷ்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைத்து அனுப்ப அவளால் முடியாது. அனுப்பாமல் இருக்கவும் மனசு வரவில்லை. பாலிஷ்காரர் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

"கை நல்லா இருக்குமா?" என்று கடைசியில் கேட்டார்.

"அலமாரியை நானே பார்த்தேன். உங்க கடையில அப்படி ஒண்ணு பார்க்கல."

"சரி, அனுப்புங்க மேடம். ஆனா கடையை நான்தான் பூட்டுவேன். சாவியை மட்டும் கேக்கக் கூடாது."

அதையும் அவள் அக்காவிடம் சொன்னாள். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நியாயந்தான்" என்று சொல்லி, எந்த பஸ் என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினாள்.