கொம்பு வண்டுகள் தூக்கிய வேலி

மலாயாவில் அவசரகாலத்தின் மூன்றாம் ஆண்டில், சுவா பக்கத்துத் தென்னந்தோட்டமொன்றில், கொம்பு வண்டுகள் தொழிலாளர் லயத்தைச் சுற்றியிருந்த முள்வேலியைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கின. வேலி அதன்பின் இறங்கவில்லை.

அதுவரை, அந்த லயத்துப் பெண் பஞ்சாலைக்கு வண்டென்றாலே ஆகாது. இளந்தென்னைகளின் குருத்தைக் குடையும் கொம்பு வண்டுகளை இரும்புக் கொக்கியால் குத்தி இழுப்பதுதான் பதிமூன்று வருஷமாக அவள் வேலை. பாசமெல்லாம் கறிவேப்பிலைச் செடிக்கு வரும், வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்புப் பட்டாம்பூச்சியின் மேல்தான். அதன் புழு செடியையே மொட்டையடித்தாலும், "புள்ள சாப்புட்டுப் போவட்டுமே" என்பாள். அழகாக இருந்தால் திருடனுக்கும் சலுகை கிடைக்கிற உலகம்தானே இது.

காட்டிலிருந்து சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரோ அரிசி கொடுத்தார்களென்று லயத்துக்கு ஏழு நாள் ஊரடங்கு போட்டார்கள். வேலியை விட்டு யாரும் வெளியேறக்கூடாது, உள்ளே வரவும் கூடாது. மூன்றாம் நாள் காலை அவள் தங்கை முத்தாயிக்கு இடுப்புவலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி மங்கம்மா இருந்ததோ வேலிக்கு வெளியே, தோட்டத்தின் அடுத்த டிவிஷனில். காவலுக்கு நின்ற மலாய்க்காரர் ஒஸ்மான், வேலிக்கதவின் சாவி தன்னிடம் இல்லையென்று கையை விரித்தார். பஞ்சாலை பட்டாம்பூச்சியிடம் போய் அழுதாள். "நீ போயி சொல்லு தாயி. இல்லன்னா என் தங்கச்சி செத்துருவா."

அது முள்ளில் சிறகு படாமல் வேலியைக் கடந்து, அரை மைல், தோட்டத்துக் கணக்கில் அரைக்கட்டை தூரம், பறந்து, மங்கம்மாவின் முந்தானையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னது. மங்கம்மா ஓடிவந்தாள். ஆனால் வேலிவரைதான் வர முடிந்தது. பட்டாம்பூச்சி முள்கம்பிமேல் அமர்ந்து சிறகை விரித்தது. அதனால் ஆனது அவ்வளவுதான்.

அப்போது வண்டுகள் வந்தன. பஞ்சாலை கொன்றதுபோக மிஞ்சியவை, முந்நூறு இருக்கும். பட்டப்பகலில் தென்னைகளை விட்டிறங்கி, கீழ்க்கம்பிக்கு அடியில் கொம்பைக் கொடுத்து நெம்பின. மரத்தூண்களோடு சேர்ந்து வேலி எழுந்தது. "மாசோக் லா, மாசோக்" என்று ஒஸ்மான் உள்ளே வரச்சொல்லி அவசரமாகக் கையசைக்க, மங்கம்மா தவழ்ந்து உள்ளே வந்தாள்.

பஞ்சாலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பட்டாம்பூச்சிக்கு வேலி ஒரு பொருட்டேயில்லை. வண்டுக்கு அதன் பாரம் தெரியும், தெரிந்துதான் தலையைக் கொடுத்தது. "உங்கள எத்தன பேரக் குத்தியிருக்கேன், தெய்வங்களா!" என்று அங்கேயே விழுந்து கும்பிட்டாள்.

தாயும் பெண்குழந்தையும் பிழைத்தார்கள். பட்டாளத்தார் வேலியை இறக்க இருமுறை முயன்றுவிட்டு, பதிவேட்டில் அதன் உயரத்தைத் திருத்திக்கொண்டார்கள். ஊரடங்கு விலகிய அன்று, வண்டு பிடிக்கும் கொக்கி எங்கேயென்று வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி கேட்டார். பஞ்சாலை முத்தாயி வீட்டு உத்தரத்தைக் காட்டினாள். கொக்கியில் சேலைத் தொட்டில் ஏணை தொங்கியது.

"பாப்பா தூங்குது மண்டோரே, எடுக்க முடியாது லா. வேற வேல குடுங்க."