ஆறாம் எண் அறைக்குக் கீழே

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? இங்கிலாந்தில் ஃபைலி என்கிற ஊரில் கடற்கரையை ஒட்டி ஒரு பதினோரு அறை ஓட்டலை இருபத்திரண்டு வருடம் நடத்திப் பாருங்கள், நீங்களும் அப்படித்தான் ஆவீர்கள். துண்டைப் பெட்டிக்குள் சுருட்டிக்கொண்டு போகிறவர்கள், இரண்டு பேருக்கு அறை எடுத்து மூன்றாவது ஆளைப் பின்வாசல் வழியாக ஏற்றுகிறவர்கள், முட்டை வேகவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே முட்டையைத் தின்று முடிக்கிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. வினிஃப்ரெட் பிக்கரிங்கை ஏமாற்ற இனி ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

எழுபத்தைந்தாம் வருடம், ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னால், லீட்ஸில் என் அக்காவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். நான் நாலு நாள் போயே ஆகவேண்டும். அந்த நாலு நாளில்தான் கொத்தனார் நட்டல் எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை ஆரம்பிக்க வேண்டும். கூடத்தில் ஒரு பழைய கணப்பு இருந்தது. அதைச் சுற்றி, புகை மேலே போகிற செங்கல் கட்டு சுவரிலிருந்து இரண்டடி முன்னால் துருத்தி நிற்கும். அது போனால் இன்னும் இரண்டு மேசை போடலாம். என் கணவன் ஹெர்பர்ட்டிடம் செய்யவேண்டிய பதினாலு காரியத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

வியாழக்கிழமை திரும்பி வந்தால் வேலை முடிந்திருந்தது. அதுதான் முதல் சந்தேகம். எந்த ஊரில் கொத்தனார் நாலு நாளில் வேலை முடித்திருக்கிறான்? முதல் இரண்டு நாள் தேநீர் குடிப்பதற்கே சரியாகப் போய்விடும். ஆனால் இங்கே கணப்பும் இல்லை, செங்கல் கட்டும் இல்லை. சுவர் சமமாக, புதுக் காகிதம் ஒட்டி, பச்சைக் கொடியும் மஞ்சள் பூவுமாக அழகாக இருந்தது. கூடத்தின் உள்கூரைக்கும் புதுப் பலகை அடித்து வெள்ளையடித்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு, வின்னி?" என்று கேட்டான் ஹெர்பர்ட்.

"பழைய பளிங்குக் கல் எங்க?" என்றேன்.

கணப்பைச் சுற்றி நல்ல சாம்பல் நிறப் பளிங்கு இருந்தது. உடைந்துவிட்டது, குப்பையோடு போய்விட்டது என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? நட்டல் அதை வண்டியில் ஏற்றி விற்றுவிட்டான், என் வீட்டு மனுஷன் அதற்கு வாய் மூடி நின்றிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அன்று சாயங்காலம் முழுவதும் தெரிந்த பழைய சாமான் கடைக்கெல்லாம் போன் போட்டேன். தேக்கரண்டிகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது, அப்புறம் சர்க்கரை டப்பாவுக்குள் கிடைத்தது. அப்போதும் என் மனசு ஆறவில்லை.

மறுநாள் காலையில்தான் பெரிய விஷயம் வெளிவந்தது. மாடியில் ஐந்தாம் எண் அறைக் கதவைத் திறந்தால், உள்ளே ஓல்ராய்டின் செருப்பு!

ஓல்ராய்டு யாரென்று சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் சிக்னல் பெட்டியில் முப்பத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு எங்கள் ஓட்டலில் ஆறாம் எண் அறையை மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆறு வருடமாக அங்கேயே இருந்தார். ஆறாம் எண் சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர் மேலே இருக்கும் பின்பக்க அறை. ஐந்தாம் எண்ணோ கடலைப் பார்த்த அறை, என் ஓட்டலின் ராணி. ஈஸ்டருக்கு அதை ஜனவரியிலேயே ஷெஃபீல்டுக்காரர்கள் பதிவு செய்திருந்தார்கள். அந்த அறையில் இவர் நாலு நாளாகச் சொகுசாகப் படுத்திருக்கிறார். ஏற்பாடு செய்தது யார்? என் கணவன்.

எனக்கு வந்ததே கோபம்! காலைச் சாப்பாட்டு நேரம், கூடத்தில் ஓல்ராய்டைத் தவிர ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நேராக ஓல்ராய்டின் மேசைக்குப் போனேன்.

"நான் நாலு நாள் ஊர்ல இல்லைன்னதும் கடல் பாத்த ரூமுக்கு ஏறிட்டீங்களா? என் புருஷன் ஏமாளி, நான் இல்லை. இவ்வளவு தந்திரக்காரர்னு தெரியாமப் போச்சு. இன்னைக்கே ஆறுக்குப் போயிடுங்க."

கூடத்தில் எல்லார் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. ஓல்ராய்டு என்னைப் பார்த்தார், அப்புறம் ஹெர்பர்ட்டைப் பார்த்தார். ரொட்டி வைக்கும் தட்டைப் பிடித்தபடி ஹெர்பர்ட் பேயறைந்த மாதிரி நின்றான். ஓல்ராய்டு கத்தியையும் முள்ளையும் தட்டில் சேர்த்து வைத்தார், வாயைத் துடைத்துக்கொண்டார், எழுந்து போனார். அரை மணி நேரத்தில் தன் இரண்டு பெட்டியையும் தானே தூக்கிக்கொண்டு ஆறாம் எண்ணுக்குத் திரும்பிவிட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசாமல் போனதையும் நான் சந்தேகப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் சின்னச் சின்னதாக நடந்ததெல்லாம் எனக்கு ஓல்ராய்டின் பழிவாங்கலாகவே தெரிந்தது. ஆறாம் எண் கதவு நிலையில் சிக்கிக்கொண்டு கிரீச்சிட்டது. அவர் வேண்டுமென்றே அறைந்து சாத்துகிறார் என்று நினைத்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் புதுச் சுவரோர மேசை விரிப்பில் தினமும் கரித்தூள் விழுந்தது. மேலே அவர் புகைக்குழாயைத் தட்டிச் சாம்பலைக் கொட்டுகிறார் என்றேன். புதுக் காகிதத்தில் மஞ்சள் பூவுக்கு நடுவே நூல் மாதிரி ஒரு கீறல் வந்தது. நட்டல் மட்டமான பசையை ஒட்டிவிட்டான் என்று சொல்லி அவனுக்கு மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் அவன் மனைவி எடுத்தாள், அவன் போயிருப்பதாக மூன்று வெவ்வேறு ஊர் சொன்னாள். ஹெர்பர்ட் ராத்திரி சாப்பிடவில்லை, தூங்கவில்லை. என்ன மறைக்கிறாய் என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றான். பளிங்குக் கல்தான் உறுத்துகிறது, உறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் புகைபோக்கி சுத்தம் செய்கிற ஆம்ப்லர் வந்தார். ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முன்னால் வருவார், வழக்கப்படி நான்தான் சொல்லிவைத்திருந்தேன். முன்கூடத்துக் கணப்பை முடித்துவிட்டு, கம்புகளைக் கட்டி எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக் கூடத்துக் கணப்பையும் பார்த்துவிடலாமா என்று கேட்டார். அது போயே போய்விட்டது என்று பெருமையாகக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினேன்.

ஆம்ப்லர் சுவரைப் பார்த்தார், உள்கூரையைப் பார்த்தார். தெருவுக்குப் போய் அண்ணாந்து கூரை மேலே பார்த்தார். திரும்பி வந்து மாடி ஏறி ஆறாம் எண் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். கரி படிந்த முகத்திலும் நிறம் மாறியது தெரிந்தது.

"மேல ரூம்ல செங்கல் கட்டு அப்படியே இருக்கு. அதுக்கு மேல பரண்ல இருக்கு. அதுக்கு மேல கூரையில புகைபோக்கி நிக்குது," என்றார். "கீழ இருந்ததை எடுத்துட்டீங்க. அப்ப அதெல்லாம் எதும்மேல நிக்குது, மிஸஸ் பிக்கரிங்?"

இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்காத கேள்வி. உள்கூரைப் பலகையைப் பார்த்தேன். நடுவில் நாலு விரல் அளவுக்குத் தொங்கிப்போயிருந்தது. காலையில்கூட அதன் கீழே நின்று விரிப்பு மாற்றியிருக்கிறேன்.

ஹெர்பர்ட் வாசலில் நின்றான். நான் கேட்கவே இல்லை, அவனாகவே கொட்டிவிட்டான். தாங்குவதற்கு இரும்பு உத்திரம் வரவேண்டியதாம். அது வர மூன்று வாரம் ஆகுமாம். நட்டல் அதற்குள் செங்கலை இடித்துவிட்டு, மேலே இரண்டு மரக்கட்டையைச் செருகி, பலகை அடித்து, காகிதம் ஒட்டி, ஈஸ்டர் முடிந்து வந்து சரி செய்கிறேன் என்று போய்விட்டானாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதென்றால் இதுதான்.

ஆம்ப்லர் தீயணைப்புக்குப் போன் போட ஓடினார். ஓட்டலில் இருந்த அதே ஆறு பேரையும் கையில் கிடைத்த கோட்டோடு பின்பக்கச் சந்துக்கு விரட்டினேன். ஆறாம் எண்ணில் ஓல்ராய்டு இருந்தார். அந்தச் செங்கல் கட்டை ஒட்டித்தான் அவருடைய கட்டில். ஐந்து ராத்திரி அதன் கீழே படுக்க வைத்தவள் நான்தான். அதை நினைத்துக்கொண்டே படியேறினேன்.

கதவு சிக்கிக்கொண்டது. தோளால் இடித்துத் திறந்தேன். ஓல்ராய்டு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் தலையணை கால்மாட்டில் இருந்தது, செங்கல் கட்டை விட்டு எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரத்தில். இரண்டு பெட்டியும் கட்டி வாசல் பக்கம் தயாராக இருந்தன. அந்தச் செங்கல் கட்டின் மேல் கூரையிலிருந்து தரைவரை ஒரு விரிசல். அதன் ஓரமாகப் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு நாள் தேதியும் எழுதியிருந்தது.

உடனே வெளியே வாருங்கள், இந்தச் செங்கலுக்குக் கீழே தாங்கல் இல்லை, விழப்போகிறது என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"தெரியும், மிஸஸ் பிக்கரிங்," என்றார். "உங்க வீட்டுக்காரர் அன்னைக்கே சொன்னார். அதனாலதான் அஞ்சாம் நம்பர் குடுத்தார். உங்ககிட்ட அவரே சொல்றேன்னார், அதுவரைக்கும் வாயைத் திறக்க வேண்டாம்னார். சரின்னு வாக்கு குடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன் இங்க திரும்பி வந்தீங்க? என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஆறு பேர் முன்னாடி என்னைத் தந்திரக்காரன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் செங்கல் விழப்போகுது, அஞ்சாம் நம்பரைக் குடுங்கன்னு கேட்டா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுவருக்குள் எங்கோ மணல் சரிகிற சத்தம் கேட்டது. எழுந்திருங்கள் என்று கெஞ்சினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு ரயில்கூட என் கையால தப்பா போனதில்லை. அந்த வார்த்தையை மட்டும் திரும்ப வாங்கிக்குங்க, போலாம்."

"வாங்கிக்கிட்டேன். தப்பு என்னோடதுதான். வாங்க."

"எனக்குத் தெரியும் உங்க தப்புன்னு. கேட்ட ஆறு பேருக்குத் தெரியாதே."

இப்படியும் ஒரு மனுஷனா? தலைக்கு மேல் டன் கணக்கில் செங்கல் தொங்குகிறது, இவருக்கு மரியாதை வேண்டியிருக்கிறது. கோபம் வந்தது. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலைத் தூக்கினேன். கீழே சந்தில் அந்த ஆறு பேரும் கோட்டும் செருப்புமாக நின்று மேலே பார்த்தார்கள். நாயோடு போன ஒரு அம்மாவும் நின்றுவிட்டார்.

"மிஸ்டர் ஓல்ராய்டு தந்திரக்காரர் இல்லை!" என்று கத்தினேன். "நான்தான் புத்தியில்லாமப் பேசினேன். அவர் நேர்மையானவர். எல்லாருக்கும் கேட்டுதா?"

கேட்டது என்று ஒருவர் தொப்பியை எடுத்துக் காட்டினார். ஓல்ராய்டு நன்றி என்று சொல்லிவிட்டு எழுந்தார். கண்ணாடி முன்னால் நின்று கழுத்து டையைக் கட்ட ஆரம்பித்தார். முதல் முடிச்சு கோணலாக வந்தது, அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் அவருடைய இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். படியில் இறங்கும்போது பின்னால் அந்தக் கதவு தானாகவே படாரென்று சாத்திக்கொண்டது.

பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது விழுந்தது. முதலில் கூரை மேலிருந்த புகைபோக்கி அமைதியாக உள்ளே இறங்கியது. அப்புறம்தான் சத்தம். ஆறாம் எண் அறையின் தரை, கட்டில், மேசை, பச்சைக் கொடி, மஞ்சள் பூ எல்லாம் சேர்ந்து சாப்பாட்டுக் கூடத்துக்குள் போயின. ஜன்னல் வழியாகக் கரியும் சுண்ணாம்பும் வந்து எங்கள் எல்லாரையும் ஒரே நிறமாக்கிவிட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

தீயணைப்பு வண்டி வந்தது, கயிறு கட்டினார்கள். ஓல்ராய்டுக்கு எதிர் வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். ஹெர்பர்ட் மட்டும் தெரு முனையில் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து தனியாக நின்றான். நான் அவனிடம் போனேன். திட்டுவதற்குத்தான் போனேன், வார்த்தை எல்லாம் வாயில் தயாராக இருந்தது.

"அவர் தூங்கும்போது விழுந்திருந்தா?"

"தெரியும். ஒவ்வொரு ராத்திரியும் அவர் ரூம் வாசல்லதான் உக்காந்திருந்தேன்."

"வாசல்ல உக்காந்தா செங்கல் நின்னுடுமா? என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே, ஹெர்பர்ட்."

அவன் முகத்தைத் துடைத்தான். கரி இன்னும் பரவியது.

"மூணு தடவை சொல்ல வந்தேன். செங்கல் விழுந்துடுமோன்னு பயமாத்தான் இருந்துச்சு," என்றான். "உன்மேல இருந்த பயம் அதைவிடக் கொஞ்சம் பெரிசு, வின்னி."

பொய் சொல்கிறானா என்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். சொல்லவில்லை. பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆசைப்பட்டேன்.